தூண்டில் ஆங்கிலத்தில், எச்சரிக்கை எந்த மொழியில்?

2024 அக்டோபரில் கண்டிக்கு அண்மையிலுள்ள குண்டசாலையில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விவசாயக் கல்லூரியால் பெயர்பெற்ற அந்த ஊரின் உல்லாச விடுதியொன்றிலே தங்கியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட சீன நாட்டவரைப் பொலிசார் கைதுசெய்தனர். இணையவழிப் பண மோசடி என்பதே சந்தேகம். கைப்பற்றப்பட்டவை கத்தியுமல்ல, துப்பாக்கியுமல்ல. கணினிகளும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளும். நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் அம்மாதம் இவ்வாறு பிடிபட்டோர் தொகை இருநூறைத் தாண்டிற்று. சீனர் என்றதும் அந்த இனத்தின் மீதே பாய்ந்தவர்களும் உளர். பேதைமை! கள்வனுக்கு ஏது இனம்?

அக்கூட்டம் எந்த நாட்டு மீனுக்கு வலை விரித்தது என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். நம் சட்டைப்பைக்குள்ளேயே நாள்தோறும் வந்து விழும் தூண்டிலைப் பற்றியே நாம் பேசுகிறோம். பிஷிங் என்பது அதன் பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி, 1990களின் நடுப்பகுதியில் கணினித் திருடர்கள் வழங்கத் தொடங்கிய பெயர். பெயரிலே ஒளிவுமறைவு இல்லை. மீன் யார் என்பதில் மட்டும் நமக்கு ஐயம் வேண்டாம்.

தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு செய்தி வருகிறது. உமக்கொரு பொதி வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, சிறு கட்டணம் செலுத்தினால் ஒப்படைப்போம் என்கிறது. கீழே ஓர் இணைப்பு. அதைத் தொட்டால் திணைக்களத்தின் இலச்சினையுடன் ஒரு பக்கம் திறக்கிறது. சிறு தொகைதானே என்று அட்டையின் இலக்கத்தையும், காலாவதித் திகதியையும், பின்புறத்து மூன்று இலக்கங்களையும் எழுதிக்கொடுக்கிறோம். மறுகணம் வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது. அதையும் அந்தப் பக்கத்திலேயே இடுகிறோம். திரைக்கு அப்பால் இருப்பவன் அதை எடுத்து உண்மையான இடத்திலே இட்டுவிடுகிறான். கொள்ளை முடிந்தது. இத்தகைய செய்திகள் தம்முடையவையல்ல என்று திணைக்களம் மக்களை எச்சரித்தது. செய்திகளோ ஓயவில்லை.

இதே வித்தை வங்கியின் பெயரிலும் நடக்கிறது. கணக்கு முடக்கப்பட்டது, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் உறுதிசெய்க என்று மின்னஞ்சல் மிரட்டுகிறது. அனுப்புநர் பெயரையும் போலியாக இடலாமாகையால், கள்வனின் குறுஞ்செய்தி வங்கியின் மெய்யான செய்திகளுக்கு அடியிலேயே வந்து அமர்ந்துகொள்வதும் உண்டு.

"ஏமாந்தவன் முட்டாள்" என்று படித்தவர்கள் பலர் பேசக் கேட்கிறோம். அவர்களுக்கு ஒரு கதை, கற்பனையல்ல. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்திலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரைச் சுருட்ட ஒரு கூட்டம் முயன்றது. வாசல் திறந்தது எப்படி? வேலை கேட்டு எழுதியவர் போல நடித்து வங்கி ஊழியருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களால்! 81 மில்லியன் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. இன்னும் 20 மில்லியன் எங்கே வந்தது தெரியுமா? இந்த இலங்கைக்கே வந்தது, ஒரு நிறுவனத்தின் பெயருக்கு. அதை நிறுத்தியது பீரங்கியன்று, ஓர் எழுத்துப்பிழை. "பவுண்டேசன்" என்னும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர் "பாண்டேசன்" என்று ஒலிக்குமாறு தவறாக எழுதியிருந்தனர். இடைநின்ற வங்கியொன்று அதைக் கண்டு வினாவிற்று. பணம் தப்பியது.

மத்திய வங்கியின் ஊழியரே வீழ்ந்த இடத்தில் மாத்தளை மிளகுத் தோட்டக்காரரை முட்டாள் என்பது எவ்வகை நியாயம்? ஆங்கிலம் அறிந்த கண்ணொன்று அங்கே இருந்தது, பிழையைப் பிடித்தது. கம்பளையில் கராம்பு விற்ற பணத்தை வங்கியிலிட்டு வைத்திருப்பவரிடம் அந்தக் கண் இல்லையென்றால், குற்றம் அவருடையதா?

நம் வழக்கின் மூலாதாரத்துக்கே வருவோம். மேலே சொன்ன ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சுமந்துவரும் செய்தி இருக்கிறதே, அது கள்வனுடையதன்று, வங்கியுடையது. இத்தனை ரூபா இன்ன இடத்துக்குப் போகிறது, இந்த எண்ணை எவரிடமும் கூறாதீர் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். பொதிக் கட்டணம் சில ரூபாவென்று நினைத்தவர், எண்பத்தையாயிரம் என்ற தொகையை அங்கே கண்டால் கை நடுங்கி நின்றுவிடுவாரல்லவா? அதுவே கடைசிக் காவலன். அந்தக் காவலனுக்குத் தமிழ் தெரியாது! ஆங்கிலத்திலே முணுமுணுத்துவிட்டுப் போகிறான். நம்மவர் கண்ணுக்கு ஆறு இலக்கங்கள் மட்டுமே தெரிகின்றன; மற்றெல்லாம் புரியாத கோடுகள்.

மத்திய வங்கி மும்மொழியிலும் அறிவித்தல் வெளியிடுகிறதே என்பார்கள். வெளியிடுகிறது, மறுக்கவில்லை. சில வங்கிகளின் செயலிகளிலே தமிழும் உண்டு. ஆனால் பத்திரிகையில் வரும் அறிவித்தல் நேற்றையது. பணம் பறிபோகும் அந்த நிமிடத்தில் கையில் ஒலிப்பது குறுஞ்செய்தி. அது பெரும்பாலும் ஆங்கிலம். வாசிக்க இயலாத செய்திக்குப் பணிந்து பணிந்து பழகியவன், கள்வன் அனுப்பியதற்கும் பணிகிறான். பழக்கியவர் யார்?

1956இல் ஒரு சட்டம் இந்நாட்டுத் தமிழனைக் கந்தோர் வாசலிலே ஊமையாக்கியது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டமும் வந்தது. ஏட்டிலே குறைவில்லை. 2025 பெப்ரவரியில் கவ்பே என்னும் முறையைத் தொடங்கி, அரசுக்குச் செலுத்துவதையெல்லாம் கைப்பேசியில் செலுத்துக என்றார்கள். நல்லதே, பிரதேச செயலகத்தில் கால்கடுக்க நிற்கும் நாட்கள் குறையட்டும். ஆனால் பணம் வாங்க வாசல் திறப்போர் அதே வாசலில் தமிழ்க் காவலும் வைக்கவேண்டாமா?

தமிழில் அனுப்பினால் கள்வனும் தமிழில் எழுதுவானே என்று சிலர் வாதாடலாம். எழுதட்டுமே! அவன் கேட்பது இன்னதென்று நம்மவருக்கு அன்று விளங்கும். விளங்கிய பின் ஏமாற்றுவது அத்தனை எளிதன்று.

வங்கிகள் திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இணைய முகவரியைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தூண்டில் அறுந்துபோகும். "கண்டி வீதி, யாழ்ப்பாணம்" என்று எழுதிய கடிதம் கண்டிக்கு வருமா? வராது, கடைசிச் சொல்லே ஊரைத் தீர்மானிக்கும். இணையத்திலும் அஃதே. தபால் திணைக்களத்தின் மெய்யான முகவரி எஸ்எல்போஸ்ட், புள்ளி, கவ், புள்ளி, எல்கே என்று முடியும். முன்னே திணைக்களத்தின் பெயரை எத்தனை முறை எழுதியிருந்தாலும், முதற் சாய்கோட்டுக்கு முன் முடிவில் நிற்பது வேறு பெயராயின் அது வேறு ஊர். எழுத்து மாறாட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டிலேயே பேபால் என்னும் பணக் கணக்கு நிறுவனத்தின் பெயரில், இறுதி எழுத்தான எல்லுக்குப் பதில் பெரிய ஐ எழுத்தை வைத்துப் போலித்தளம் அமைத்தார்கள். திரையிலே இரண்டும் ஒரே கோடு. நம் ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும் குழந்தையை நாம் அடிப்பதில்லை; இதிலும் கண் தவறுவது இயல்பே. ஆகவே செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நாமே எழுதித் திறப்பதும், அட்டையின் பின்புறம் அச்சிட்ட இலக்கத்துக்குப் பேசி விசாரிப்பதுமே பாதுகாப்பு.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கவேண்டாம். பேராதனையில் பட்டம் பெற்றவர்களும் ஊர்வாய்க்கு அஞ்சி மறைக்கிறார்கள் என அறிகிறோம். அந்த மறைப்பே கள்வனுக்கு முதலீடு. வங்கிக்கிடையே பணம் இன்று நொடிகளில் பாய்கிறது. அடுத்த கணக்கிலிருந்து அவன் எடுக்குமுன் முடக்கினால்தான் மீட்பு. முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்துக. பின்பு பொலிசில் முறைப்பாடு. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுவே சாட்சி.

கண்டியிலும் மாத்தளையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள தமிழ்ச் சட்டத்தரணிகளையும் ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் ஒன்று கேட்கிறோம். அரச வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் மட்டும் வந்த செய்திகளைத் தத்தம் கிராமத்தாரின் கைப்பேசிகளிலிருந்து பிரதியெடுங்கள். வங்கி முகாமையாளருக்கு ஒரு கடிதம், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு, இரண்டையும் தமிழிலேயே எழுதுங்கள். பதிலும் தமிழிலேயே வருகிறதா என்று பார்ப்போம்.