சவப்பராமரிப்புப் படிப்பு: போட்ட பணம் திரும்புமா?

இறந்தவரின் மூடிய இமைக்கு அடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி. விபத்தில் சிதைந்த மூக்கை மெழுகால் மீட்டெடுக்கும் விரல்கள். அமெரிக்காவில் இறுதிச்சடங்குத் துறைக்கு வரும் மாணவர் இதோடு உடற்கூறியல், வேதியியல், கணக்கியலும் படிக்கிறார்.

பல மாநிலங்களில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் போதும். சில இடங்களில் இளநிலைப் பட்டம் வேண்டும். அதன்மேல் தேசியத் தேர்வு, பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சிப் பணி.

வேலையில் சேர்ந்தபின் நள்ளிரவிலும் போன் அடிக்கும்.

1861-65 உள்நாட்டுப் போரின்போது பரவலான, உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங்குக்கு இன்று மவுசு குறைகிறது. இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தகனம் செய்யப்படுகிறார்கள். அதில் இறுதிச்சடங்கு நிறுவனத்துக்கு வரும்படியும் குறைவு. ஆகவே பெருங்கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்வது கட்டுப்படியாகாது. கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியே மேல். அதற்கும் முன்னால், சில மாதம் ஒரு இறுதிச்சடங்கு இல்லத்தில் உதவியாளராக நின்று பார்த்துவிட வேண்டும்.