நைல் நதியின் கணக்கும் கடலடிச் சிப்பிகளும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், நீல நைல் நதியின் குறுக்கே தான் எழுப்பிய பேரணையை எத்தியோப்பியா முறைப்படி திறந்து வைத்தது. 2011இல் தொடங்கிய பணி இது. 7400 கோடி கனமீட்டர் நீரைத் தேக்கக்கூடிய இந்த அணையில் 5150 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்ய முடியும். மின்விளக்கே காணாத பல கோடி மக்களைக் கொண்ட எத்தியோப்பியாவுக்கு இது பெருமை. குடிக்கவும் பயிரிடவும் பெரும்பாலும் நைலையே நம்பியிருக்கும் எகிப்துக்கோ இது அச்சம். யார் பக்கம் நியாயம் என்று கேட்குமுன், இந்த நதியைப் பற்றி ஒரு மௌன சாட்சி சொல்வதைச் செவிமடுப்பது நல்லது. அந்தச் சாட்சி மத்தியதரைக் கடலின் அடியில் கிடக்கிறது.

கடலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிரினங்கள் உண்டு. போராமினிபெரா என்பது அவற்றின் பெயர். மணல் துகள் அளவே உள்ள இவை, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கென ஓடு கட்டிக்கொள்கின்றன. இறந்தபின் ஓடுகள் அடியில் படிந்து, அடுக்கடுக்காகச் சேற்றில் புதைகின்றன. ஆய்வாளர்கள் நீண்ட குழாயை இறக்கி அந்தச் சேற்றை உருளையாக வெளியே எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள ஓடுகளைப் பொறுக்கிச் சோதிக்கிறார்கள்.

ஓட்டில் ஆற்றின் கதை எப்படி வந்தது? ஆக்சிஜனில் எடை குறைந்த வகையும் உண்டு, எடை மிகுந்த வகையும் உண்டு. மழையிலும் ஆற்றிலும் வரும் நீரில், கடல்நீரைவிட எடை குறைந்த வகை அதிகம். பெருவெள்ளம் கடலில் கலக்கும் காலத்தில் ஓடு கட்டிய உயிரினம் அந்த விகிதத்தைத் தன் ஓட்டிலேயே பதித்துவிடுகிறது. வெப்பநிலையும் இந்த விகிதத்தை மாற்றும் என்பதால், ஓட்டிலுள்ள மக்னீசியத்தைக் கொண்டு வெப்பத்தின் பங்கைத் தனியே பிரித்தறிகிறார்கள். ஆறு சுமந்து வரும் பேரியம் என்னும் தனிமமும் ஓட்டில் சேர்கிறது. பேரியம் கூடினால் ஆற்றுநீர் கூடியது என்று பொருள். ஒவ்வோர் ஆண்டின் துல்லியமான அளவை இந்த ஓடுகள் தருவதில்லை. ஆனால் நூற்றாண்டுகளின் ஏற்றத்தாழ்வை அவை மறைப்பதில்லை.

1947-48இல் சுவீடன் நாட்டு ஆய்வுக் கப்பலான அல்பட்ராஸ், கிழக்கு மத்தியதரைக் கடலின் அடியிலிருந்து சேற்று உருளைகளை எடுத்தபோது, அவற்றில் கரிய அடுக்குகள் காணப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் மார்ட்டின் ரோசினோல்-ஸ்ட்ரிக் என்ற பெண் ஆய்வாளர் அவற்றை நைலின் பெருவெள்ளத்தோடு இணைத்துக் காட்டினார். நன்னீர் மேற்பரப்பை மூடியதால் ஆழத்துக்கு ஆக்சிஜன் செல்லவில்லை. அடியில் வாழ்ந்த உயிர்கள் மடிந்தன, மட்காத கழிவு கருஞ்சேறாகப் படிந்தது. கடைசிக் கரிய அடுக்கு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கும் 6000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. இன்று பாலைவனமாகக் கிடக்கும் சகாரா அன்று புல்வெளியும் ஏரிகளுமாக இருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று தள்ளாடுவதால் மழையின் வலிமை மாறியது, மழை மாறியதால் நதியும் மாறியது.

அப்படியானால் நைலுக்கு நிலையான அளவு என்று ஒன்று உண்டா? அரசியல் 'உண்டு' என்றே நம்பியது. 1959இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட ஒப்பந்தம், நதியின் ஆண்டுச் சராசரியை 8400 கோடி கனமீட்டர் எனக் கொண்டது. அதில் எகிப்துக்கு 5550 கோடி, சூடானுக்கு 1850 கோடி, ஆவியாகிப் போவது 1000 கோடி என்று முழுவதும் பங்கிடப்பட்டது. அஸ்வானை வந்தடையும் நீரில் சுமார் 85 விழுக்காட்டைத் தருவது எத்தியோப்பிய மலைநாடு. அந்த நாட்டுக்கோ ஒரு துளியும் ஒதுக்கப்படவில்லை. ஒப்பந்தத்துக்கு அது அழைக்கப்படவுமில்லை. அரை நூற்றாண்டின் சராசரியை நதியின் நிரந்தர இயல்பாக எண்ணியது ஒரு பிழை. நதி பிறக்கும் இடத்து மக்களை மறந்தது அதைவிடப் பெரிய பிழை.

நைலின் நிலையாமையைப் பழங்கால மக்கள் அறிந்திருந்தார்கள். தொடக்கநூலில் பார்வோன் கண்ட கனவை நினைவுகூருங்கள். கொழுத்த பசுக்களும் மெலிந்த பசுக்களும் ஒரே நைல் நதியிலிருந்துதான் ஏறி வந்தன. வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொன்னார் யோசேப்பு. நதி என்றும் ஒரே அளவாக ஓடும் என்று அவர் கணக்குப் போடவில்லை. பஞ்சத்தையும் கணக்கில் சேர்த்தார்.

இன்றைய பேச்சுவார்த்தைகள் இடறி விழும் இடமும் இதுவே. 2015இல் கார்ட்டூமில் மூன்று நாடுகளும் கொள்கை அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. ஆனால் தொடர் வறட்சி வந்தால் அணையிலிருந்து எவ்வளவு நீர் விடுவது என்ற கேள்விக்கு உடன்பாடு எட்டவில்லை. 2023 டிசம்பரிலும் பேச்சுகள் பயனின்றி முடிந்தன. வளமான ஆண்டில் பங்கிடுவது எளிது, வறண்ட ஆண்டில்தான் சகோதரத்துவம் சோதிக்கப்படுகிறது. வரும் காலத்தில் நைலின் வெள்ளமும் வறட்சியும் மேலும் கடுமையாகலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கும் நிலையில், நிலையான எண்ணைப் பற்றிக்கொண்டு சண்டையிடுவது அறிவுடைமை அன்று. கிடைப்பதை விகிதப்படி பகிர்வதும், குறைவையும் சேர்ந்தே சுமப்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். மேல்நாட்டின் ஏழையும் கீழ்நாட்டின் உழவனும் ஒரே நீரைத்தான் நம்பி வாழ்கிறார்கள்.

இன்னொன்றும் சிந்திக்கத் தக்கது. 1960களின் நடுவில் அஸ்வான் பேரணை நீரைத் தேக்கத் தொடங்கியபின், நைலின் ஆண்டு வெள்ளம் கடலைச் சேர்வது ஏறக்குறைய நின்றுபோயிற்று. வெள்ளம் கொண்டுவந்த சத்தை நம்பி வாழ்ந்த சாளை மீன்பிடிப்பு சரிந்தது. இப்போதும் அந்தக் கடலில் சிற்றுயிர்கள் ஓடு கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் யாரேனும் அவற்றை எடுத்துச் சோதித்தால், நதி கடலைச் சேராமல் போன காலம் இது என்று தெரியவரும். மழை பொய்த்ததால் அப்படி ஆகவில்லை, மனிதர் கையால்தான் அது நிகழ்ந்தது என்பதையும் அவர்கள் கண்டறிவார்கள். தடுத்து நிறுத்திய அந்த நீரை நாம் நீதியோடு பகிர்ந்தோமா என்பதை மட்டும் எந்த ஓடும் சொல்லாது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இன்று வாழும் நாமே.