ஹீட்டரை அணைத்துவிட்டுப் பறந்த விமானம்: 154 பேர் பலியானது எப்படி?

விமானத்தில் ஒரு கருவி ரிப்பேர். அதைச் சரி பண்ணாமலே கிளம்பலாமா? கிளம்பலாம். சட்டமே அனுமதிக்கிறது. கேட்கவே பகீர்னு இருக்கா?

எது கெட்டிருந்தால் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் சரி பண்ணணும் என்று ஒரு பட்டியல் உண்டு. 'எம்.இ.எல்.' என்று பெயர். சிலதுக்கு 3 நாள், சிலதுக்கு 10 நாள், சிலதுக்கு 120 நாள் கெடு. பட்டியலில் தப்பில்லை. அதைப் பயன்படுத்துவதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டு விபத்து ஒன்றே போதும்.

மாட்ரிட்டில் நடந்தது என்ன?

2008 ஆகஸ்டு 20. மாட்ரிட் விமான நிலையத்தில் இருந்து ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம் 172 பேருடன் கிரான் கனாரியா தீவுக்குக் கிளம்பியது. ஓடுபாதைக்குப் போனபோது, வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவி ஓவராகச் சூடானதை விமானிகள் கவனித்தனர். அதில் பனி உறையாமல் இருக்க ஒரு ஹீட்டர் உண்டு. வானத்தில் மட்டும்தான் அது வேலை செய்யணும். ஆனால் தரையிலேயே எரிந்தது. விமானம் திரும்பி வந்தது.

மெக்கானிக் பட்டியலைப் பார்த்தார். வழியில் பனி உறையும் ஆபத்து இல்லை. ஹீட்டர் இல்லாமல் பறக்கலாம். அதற்கான மின்சாரத்தைத் துண்டித்தார். விதிப்படி எல்லாம் ஓ.கே.

கேட்காத கேள்வி

'ஹீட்டர் இல்லாமல் போகலாமா?' என்பதற்குப் பதில் கிடைத்தது. 'தரையில் ஏன் எரியுது?' என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. முந்தின நாளும் இதே கோளாறு வந்திருந்தது.

விமானம் தரையில் நிற்கிறதா, பறக்கிறதா என்று சொல்லும் ஒரு ரிலேதான் ஹீட்டரை அடக்கி வைக்கிறது. இறக்கையில் உள்ள பிளாப்பை இறக்காமல் கிளம்பினால் அலறும் எச்சரிக்கை மணியும் அதே ரிலேயை நம்பித்தான் இருக்கிறது.

தாமதமான அவசரத்தில் விமானிகள் பிளாப்பை இறக்கவில்லை. மணியும் அலறவில்லை. மேலே எழும்பிய சில நொடிகளில் விமானம் விழுந்தது. 154 பேர் பலி. 18 பேர் மட்டுமே தப்பினர்.

மணி ஏன் ஒலிக்கவில்லை என்பதை விசாரணையில் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் சந்தேகம் அந்த ரிலே மேல்தான்.

முன்பே ஒரு பாடம்

1987-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும் இதே ரக விமானம், இதே மாதிரி பிளாப் இறக்காமல், மணி ஒலிக்காமல் விழுந்தது. 156 பேர் பலி. ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் மணியைச் சோதிக்கச் சொன்னது தயாரிப்பு நிறுவனம். ஸ்பான்ஏரில் நாளின் முதல் பயணத்துக்கு முன்பும், விமானிகள் மாறும்போதும்தான் சோதித்தார்கள். 2008 விபத்துக்குப் பிறகே ஐரோப்பாவில் அது கட்டாயமானது.

வண்டியில் சிவப்பு லைட் எரிந்தால் லைட்டைப் பிடுங்கி எறிவோமா? எஞ்சினைத்தானே திறந்து பார்ப்போம்! ரிப்பேரைத் தள்ளிப்போடலாம். ஆனால் அது ஏன் வந்தது என்று பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.