கூடாரம் வேண்டாம், குடை போதும்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஊட்டி விடுதிகளில் ஒரே புலம்பல்தான். "இவ்வளவு செலவழித்து வந்தும் மூடுபனியைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை" என்று குடும்பம் குடும்பமாக அறைக்குள் முடங்கிக் கிடப்பார்கள். இன்னொரு கூட்டம் நேர் எதிர். கொட்டும் மழையில் காட்டோரம் டென்ட் அடித்து, நெருப்பு மூட்டி, யானையைப் பார்த்தே தீருவது என்று கிளம்பி வரும். முதல் கூட்டத்தால் காட்டுக்கு நஷ்டமில்லை. இரண்டாவதை அப்படி விட்டுவிட முடியாது.

ஊட்டிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கிறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. சுமார் 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும். பருவமழையின் முதல் அடியை வாங்கும் இந்த மேட்டில், சுற்றுலாக்காரர்கள் 'சீசன் முடிந்தது' என்று கிளம்பும் நேரத்தில்தான் வரையாட்டின் சீசன் தொடங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தனியே திரியும் முதிர்ந்த கிடாக்கள், சேணம் பூட்டியதுபோல் வெளுத்த முதுகோடு மந்தையைத் தேடி வருவதும் கொம்போடு கொம்பு மோதுவதும் இந்த மழையில்தான். குட்டிகள் பனிக்காலத்தில் பிறக்கும். 2025 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருப்பவை 1,303 வரையாடுகள். மாநில விலங்கு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அதன் கல்யாண மாதத்திலாவது வாசலில் போய் நிற்காமல் இருக்கலாம்.

மழைக்காலத்தில் மனிதருக்கும் அந்த மேடு உகந்த இடமல்ல. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பூங்காவை அடுத்த அவலாஞ்சியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். சென்னை ஒரு வருடத்தில் பெறுவதில் பாதிக்கும் மேல், ஒரே நாளில்! மண் சரிந்தது, சாலைகள் அறுந்தன. அந்த இரவில் ஒரு நைலான் துணி எதைத் தாங்கியிருக்கும்?

நீலகிரியிலேயே மழை குறைந்த சீகூர் பக்கம் கதை வேறு. அங்கே ஆபத்து விலங்குக்கு. யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகள் அகல வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றே மாதத்தில், அதே பகுதியிலுள்ள மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானைமீது எரியும் டயர் வீசப்பட்டது. காதில் தீயோடு அது ஓடிய காட்சியை நாடே பார்த்தது. 'வனவிலங்கைப் பக்கத்தில் பார்க்கலாம்' என்று ஆள் சேர்க்கும் தொழிலில், பக்கத்தில் வந்த விலங்குக்குக் கிடைத்தது அது.

உள்ளூர்க்காரர்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்பது நியாயம். அதற்கு டென்ட்தான் வழி என்பதில்லை. 2018-இல் தேனி மாவட்டக் குரங்கணியில் மூண்ட காட்டுத் தீ, மலையேறச் சென்றவர்களில் 23 பேரைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக்கியது. காலையில் நடந்து மாலைக்குள் திரும்பும் இந்த ஏற்பாட்டை, எச்சரிக்கை இல்லாத சாரல் நாட்களுக்கென்று தனியாக விரிக்கலாம். அதற்குக் கோத்தகிரி லாங்வுட் சோலை போதும். ஊரையொட்டிய 116 ஹெக்டேர் காடு. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், இலையில் இட்ட முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவரும் புதர்த் தவளை இந்த மலைச் சோலைகளில் உண்டு. மழையில்தான் அது வாய் திறக்கும்.

அவ்வளவு தூரம் நடக்கக்கூட வேண்டாம் என்பவர்கள் குன்னூர்த் தேயிலைத் தோட்டச் சாலையில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருக்கலாம். பனி விலகும்போது, தேயிலை வரிசைகளுக்கு நடுவே இடுப்பளவு முங்கியபடி காட்டு மாடுகள் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்து இறங்க மட்டும் வேண்டாம். சோலைக்குள் நடப்பவர்களை அட்டை கடிக்கும். ஒரு பொட்டலம் உப்பு கையோடு இருக்கட்டும்.