கருவேலத்தை வெட்டியாச்சு, கரைக்கு என்ன செய்தோம்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமாக நம் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. வைகைக் கரையில் சீமைக்கருவேலத்தை அகற்றிய படம். ஜேசிபி நிற்கிறது, பின்னால் மொட்டைக் கரை. கீழே "ஆறு மீண்டுவிட்டது" என்று வாழ்த்துகள். "சார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே" என்று இரண்டு பேர் கேட்டீர்கள். இதோ சொல்கிறேன். ஆறு மீளவில்லை. கரை மொட்டையாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மரம். போகத்தான் வேண்டும். ஆனால் அது எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள். தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும். ஆடு மாடுகள் இனிப்பான நெற்றைத் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். மண்ணுக்குள் கிடக்கும் விதை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலும் வெற்று மண்ணும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். நாம் செய்துகொடுத்திருப்பது அதைத்தான்!

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென்மாவட்டமெங்கும் இந்த மரத்தை வெட்டினார்கள். எத்தனை இடத்தில் மறுபடி புதராக நிற்கிறது என்று உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நின்று நீங்களே பாருங்கள். 2022இல் தமிழ்நாடு அரசு இதற்காக ஒரு கொள்கையே வெளியிட்டது. அதன் தலைப்பில் இரண்டு பாதி உண்டு: அந்நியத் தாவரங்கள் ஒன்று, வாழிடங்களின் சூழலை மீட்டெடுப்பது மற்றொன்று. முதல் பாதிக்கு டெண்டர் விடுகிறோம். இரண்டாம் பாதிக்கு யார் பொறுப்பு?

"ஏதாவது மரத்தை நட்டால் போச்சு" என்கிறார் ஒரு தம்பி. போகாது தம்பி. ஆற்றங்கரை பூங்கா இல்லை. தண்ணீர் ஓரத்தில் நாணலும் கோரையும் வேண்டும். வெள்ளம் வரும்போது வளைந்து கொடுத்து மண்ணைப் பிடித்து வைப்பவை அவைதான். சரிவில் நொச்சி, வெட்டிவேர். மேட்டில் நீர்மருது, புங்கம், நாவல், அத்தி. அதற்கும் மேலே இலுப்பை, வேம்பு. ஆற்றின் நடுவே மரமே கூடாது, அது தண்ணீர் போகும் பாதை. இது நான் கண்டுபிடித்த பாடம் இல்லை. பரிபாடலில் வைகைத் துறைக்கே திருமருத முன்துறை என்று பெயர். மரத்தின் பேரால் துறையை அழைத்த ஊர்க்காரர்கள் நாம். இன்று அந்த ஆற்றுக்கு அழகுக்கு என்று கோனோகார்பஸ் வாங்கி நடப் பார்க்கிறோம்!

இன்னொரு வேடிக்கை ஜூன் 5. சுற்றுச்சூழல் தினம் என்று அன்றைக்குக் கன்று நட்டுப் படம் எடுக்கிறோம். அது கேரளத்துக்குப் பொருந்தும், அங்கே அப்போது மழை. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனியிலும் ஆடியிலும் அடிக்கிற காற்றில் அந்தக் கன்று என்ன ஆகும்? ஐப்பசி முதல் மழையில் நட்டால் பாதி வேலையை வானமே பார்த்துக்கொள்ளும்.

"முழுக்க அகற்றினால் கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ராமநாதபுரத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரே மூச்சில் பல கிலோமீட்டர் வழிக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். சரிவை இயந்திரத்தால் கிளறிப் போட்டால் அடுத்த வெள்ளத்தில் கரையே போய்விடும் என்பது இன்னொரு காரணம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரோடு எடுங்கள். எடுத்த இடத்தில் அந்த மழைக்குள்ளேயே புல்லையும் நாணலையும் பிடிக்க வையுங்கள். பிறகு கன்று. அதன்பின் குறைந்தது மூன்று வருடம், மழை முடிந்ததும் நடந்து போய், முளைத்த கருவேலங்கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். விரல் உயரத்தில் கையோடு வரும். ஆள் உயரம் ஆகிவிட்டால் மறுபடி ஜேசிபிதான். அந்தப் பிடுங்குகிற கூலியை கரி மூட்டம் போடுபவர்களுக்கே கொடுக்கலாமே.

உங்களில் நீர்வளத் துறையில் இருக்கிறீர்கள், ஊராட்சித் தலைவராக இருக்கிறீர்கள், ஒப்பந்தம் எடுப்பவர்களும் உண்டு. கேட்பது ஒன்றுதான்: வெட்டுகிற ஒப்பந்தத்திலேயே நடுவதையும் மூன்று வருடப் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள். கடைசித் தவணைப் பணம் மூன்றாம் வருடம்தான் என்று போடுங்கள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். ஆனி, ஆடியில் நாவல் பழுக்கும், இலுப்பை விழும். அந்த விதைகளைச் சேர்த்து வைத்தால் முளைக்காது, விழுந்த சூட்டில் பையில் போட வேண்டும். ஆளுக்கு இருபது பை போதும். அடுத்த ஐப்பசி வரை தண்ணீர் ஊற்றி வளர்த்து எடுத்து வாருங்கள். கரையில் நட நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் ஆசிரியர்