வாலை ஒட்ட நறுக்கு!

அலைமேல் ஒரு பலகை, பலகைமேல் ஓர் ஆசாமி. இங்கிலீஷ் படத்தில் சர்ஃபிங் பார்த்திருப்பீர்கள். கேமரா அவனைக் காட்டும், கரையில் நிற்கும் ஹீரோயினைக் காட்டும், மறுபடி ஹீரோயினைக் காட்டும். பலகையின் வாலை மட்டும் காட்டாது. விஷயமே அங்கேதான் சார் இருக்கிறது.

பலகைக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. பின்னங்காலை வால்பக்கம் அழுத்தி உடம்பைச் சாய்த்தால் திரும்பும். அப்போது தண்ணீருக்குள் அமிழ்ந்து முக்கால்வாசி வேலை செய்வது கடைசி ஒரு முழம். அது அகலமா, குறுகலா, உருண்டையா, சதுரமா என்பதைப் பொறுத்து நீங்கள் திரும்புவீர்கள். அல்லது குப்புற விழுவீர்கள். ஆளுயரத்துக்கு மேலே தண்ணீர்ச் சுவர் நிற்கும்போது இந்த 'அல்லது' கொஞ்சம் சீரியஸான சமாசாரம்.

1937ல் ஹவாயில் இது பெரிய தலைவலியாக இருந்தது. அந்தக் காலத்துப் பலகை கனமான மரம். அகலமான வால். அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கும் 'ஃபின்' கிடையாது. செங்குத்தான அலையில் குறுக்கே ஓட்டினால் வால் பிடிமானம் விட்டு, மழையில் பிரேக் போட்ட ஸ்கூட்டர் மாதிரி சறுக்கிவிடும். ஹொனலுலுவில் ஜான் கெல்லி, ஃப்ரான் ஹீத் என்ற இரண்டு இளைஞர்கள் ஒருநாள் இப்படிச் சறுக்கிச் சறுக்கி அலுத்துப்போய் வீடு திரும்பினார்கள். கெல்லி கோடாலியை எடுத்தார். நம் அப்பாக்கள் மிரட்டுவதோடு விட்டதை அவர் செய்தே காட்டினார். வாலின் இரண்டு பக்கத்தையும் செதுக்கிக் குறுக்கி, அடிப்பக்கத்தைப் படகு மாதிரி 'வி' வடிவமாக்கினார். கடலில் இறக்கினால், வால் அலையைக் கவ்விக்கொண்டது! 'ஹாட் கர்ல்' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை ஓட்டத் தயங்கிய மக்காஹா கடற்கரையின் பெரிய அலைகளில் அந்தப் பலகைகளோடு புகுந்தார்கள்.

ஏன் கவ்வியது? வீட்டில் குழாயைத் திறந்து ஸ்பூனின் முதுகை லேசாகத் தண்ணீரில் காட்டுங்கள். தண்ணீர் முதுகோடு ஒட்டி வளைந்து ஓடும். ஸ்பூனையும் தன் பக்கம் இழுக்கும். (மனைவி கேட்டால் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்ளலாம்.) வளைந்த ஓரத்தைத் தண்ணீர் விடாது. கூரான மூலை வந்தால் சட்டென்று விட்டுவிடும். ஆகவே மூலையில்லாமல் வளைந்து போகும் உருண்டை வாலும் கூர்வாலும் நிதானமாக, பெரிய வளைவாகத் திரும்பும்; பிடி தளராது. மூலையுள்ள சதுர வால் வெடுக்கென்று திரும்பும். மூலையைக் கொஞ்சம் மழுக்கினால் அதுதான் 'ஸ்க்வாஷ்'. இன்று கடைகளில் சகஜமாகத் தென்படுவது.

அகலம் வேறு கதை. அகல வாலைத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். சோம்பேறி அலையிலும் ஓடும். ஆனால் ராட்சத அலையில், அந்த வேகத்தில், அதே தூக்கல் ஆளைக் கவிழ்க்கும். அதனால்தான் ஹவாயின் வைமியா விரிகுடாவுக்குப் போகிறவர்கள் நீளமான கூர்வால் பலகையோடு போகிறார்கள். அங்கே முதல் கவலை உயிர். ஸ்டைலெல்லாம் அப்புறம்.

இரண்டும் வேண்டுமே என்று ஆசைப்படாமல் இருப்பானா மனுஷன்? 1967ல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற பையன், முழங்காலிட்டு ஓட்டுவதற்காக ஒரு குட்டைப் பலகை செய்தான். நடுவே ஆழமாகப் பிளந்த மீன் வால், இரண்டு ஃபின். நேரே போகும்போது மொத்த அகலமும் தூக்கும். சாய்த்தால் ஒரு பக்கத்து முனை மட்டும் இறங்கி, குட்டிக் கூர்வாலாக வேலை செய்யும். ஒரே டிக்கெட்டில் இரண்டு சினிமா. பிற்பாடு மீன் வாலையும் இரட்டை ஃபினையும் வைத்துக்கொண்டே ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை வரிசையாக நாலு உலகப் பட்டங்களை அள்ளினார்.

சக ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சனுக்கு அந்தப் பலகை ஒத்துவரவில்லை. ஆள் ஆறடிக்கு மேல், வாட்டசாட்டம். அவர் கால் வைத்தால் வால் வழுக்கியது. கோடாலியைத் தேடாமல், 1980ல் நடுவில் மூன்றாவதாக ஒரு ஃபின் வைத்தார். அகலமும் நின்றது, பிடியும் வந்தது. 1981ல் பெல்ஸ் பீச்சில் பிரம்மாண்டமான அலையில் ஜெயித்தார். அதே வருஷம் ஹவாயின் பைப்லைனிலும் ஜெயித்தார். உலகமே மூன்று ஃபினுக்கு மாறியது. மனிதர் காப்புரிமை வாங்கவில்லை! நம்மில் சிலர் ஆபீஸ் ஸ்டேப்ளரிலேயே பெயர் எழுதி வைக்கிறோம்.

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் இப்போது சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிற உத்தேசம் இருந்தால், போட்டோவில் பார்த்த கூர்வாலைக் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். புதுசாக வருகிறவர்களுக்கு நீளமாக, அகலமாக, கிட்டத்தட்ட கதவு மாதிரி ஒன்று தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். கரையோரத்துச் சின்ன அலைக்கு உங்களையும் உங்கள் தொப்பையையும் சேர்த்துத் தூக்க அதனால்தான் முடியும்.