எல்லாம் சேர்த்து எவ்வளவு?

செல்லப்பிராணிக்கு அவசர அறுவை சிகிச்சை என்றால், நாலு இடம் ஏறி இறங்கி விலை விசாரிக்க யாருக்கும் அவகாசம் கிடையாது. கேட்ட அட்வான்ஸைக் கட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். டிஸ்சார்ஜ் நாளில் பில் இரண்டு மடங்காகி நிற்கிறது. அதனால்தான் சில தனியார் மருத்துவமனைகள் ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று பேக்கேஜ் சொல்லும்போது மனசு லேசாகிறது. இந்த முறை நல்லதுதான். ஆனால் எது அடக்கம், எது தனி என்று எழுதித் தராத பேக்கேஜும் பழைய அட்வான்ஸும் ஒன்றுதான்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் பயோமெட்ராவை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பையில் சீழ் கட்டும் இந்த நோய், பெரும்பாலும் நடுவயது தாண்டிய நாய்களுக்கு, ஹீட் முடிந்த சில வாரங்களில் வருகிறது. சீழ் வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொண்டால், நாள் கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதே முக்கிய சிகிச்சை. கேட்க ஓர் அறுவை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கத்தி வைப்பதற்கு முன்பே ஸ்கேன், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம் தாங்குமா என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை எல்லாம் வேண்டும். வாடிப்போன நாயைச் சில மணி நேரமாவது டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துத் தேற்ற வேண்டும். பிறகு மயக்க மருந்து, மூச்சுக்குழாயில் டியூப், இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் கவனிக்கும் மானிட்டர். அறுவைக்குப் பின் ஓரிரு நாள் தங்கல், வலி மருந்து, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பது. இதில் ‘அறுவைக் கட்டணம்’ என்பது நடுவில் வரும் ஒரு துண்டு மட்டுமே. முன்னும் பின்னும் உள்ளவை சேராத பேக்கேஜ் பாதி விலையைத்தான் சொல்கிறது. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. 5 கிலோ பொமரேனியனுக்குச் சொன்ன தொகை 35 கிலோ லாப்ரடாருக்குப் பொருந்தாது. ஆகவே எந்த எடைக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

‘வயிற்றைத் திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?’ என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கர்ப்பப்பை உள்ளே கிழிந்திருந்தால் வயிற்றைக் கழுவ வேண்டும். நச்சு ரத்தத்தில் கலந்திருந்தால் தங்கும் நாள் கூடும். ரத்தம் ஏற்றவும் நேரலாம். ஆனால் இவை எதிர்பாராத விபத்துகள் அல்ல. இந்த நோயில் என்னென்ன சிக்கல் வரும் என்பது மருத்துவருக்குத் தெரிந்ததே. ‘சிக்கல் இல்லையென்றால் இவ்வளவு, இன்னது நேர்ந்தால் கூடுதலாக இவ்வளவு, அதைத் தாண்டும் முன் போன் செய்து கேட்போம்’ என்று மூன்று வரி எழுதலாமே. மனிதர்களுக்கு இது நடைமுறையிலேயே இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும் அடக்கம் என்று வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. மனித உடலில் மட்டும் சிக்கல் வராதா என்ன?

விலையை வெளியே சொல்லாத பழக்கம் இங்கு மட்டும் உள்ளதல்ல. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம், அங்குள்ள கால்நடை மருத்துவமனைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை மிகச் சாதாரண சேவைகளுக்குக்கூட இணையதளத்தில் விலை போடவில்லை என்று 2024 மார்ச்சில் சொன்னது. வளர்ப்பவர்கள் சும்மா இருந்தால் விலை தானாக வெளியே வராது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தொகை நிலையானது என்றால், மிச்சம் பிடிக்கும் ஆசையில் மருத்துவமனை சிகிச்சையைக் குறைத்துவிடாதா? குறைக்கலாம், அந்த ஆபத்து உண்மை. மானிட்டரை விட்டுவிடலாம், இரவில் ஆள் இல்லாமல் விடலாம், இரண்டாம் நாள் தர வேண்டிய வலி மருந்தை நிறுத்தலாம். பேச முடியாத உயிர் அதைச் சொல்லாது. எனவே, விலை மலிவா என்பதற்கு முன்னால் பட்டியல் முழுமையா என்று பார்க்க வேண்டும். இரவில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மேசையிலேயே உயிர் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். கேட்கக் கூசும் கேள்விதான். அழுகையோடு கவுன்டரில் நின்று பேரம் பேசுவதைவிட மேல்.

ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் பயோமெட்ரா வந்தது தெரிந்தது. நலமாக இருக்கும்போதே செய்யும் கருத்தடைக்கு இந்த அவசரச் செலவில் சிறு பங்குதான் ஆகும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அதன் பேக்கேஜில் எது அடக்கம் என்பதை, நாய் ஓடியாடித் திரியும் இந்த வாரமே போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள்.